புதுப்பிப்பு: கொலுசு ஆர்டர் ஜேசனாக வந்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேன்: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு எழுதிய செயலியில், கேச்சில் (தரவை வேகமாக எடுக்க உதவும் சேமிப்பில்) ஜாவா ஆப்ஜெக்டாகச் சேமித்த ஆர்டரை ரெஸ்ட் வழியாக (இணைய முகவரி மூலம்) கேட்டால், ஜேசன் என்ற எளிய உரை வடிவத்துக்குப் பதில் குப்பை எழுத்துகள் வருகின்றன என்று. சரியாகிவிட்டது.

அந்தக் குப்பையின் முதல் நான்கு பைட்டைப் பார்த்தேன்: ஏசி ஈடி (AC ED) 00 05. ஜாவா சீரியலைசேஷனின், அதாவது ஆப்ஜெக்டைப் பைட்டுகளாக மாற்றும் முறையின், முத்திரை அது. தரவு கெடவில்லை, ஆர்டர் கிளாஸ் (ஆப்ஜெக்டின் அமைப்பைச் சொல்லும் நிரல்) கேச் சர்வரிடம் இல்லாததால், பிரிக்கத் தெரியாமல் அப்படியே தள்ளிவிட்டிருக்கிறது. அந்தக் கிளாஸ் உள்ள ஜார் கோப்பைச் சர்வரில் போட்டதும் பிரித்தது.

அப்புறம்தான் வேடிக்கை. ஆர்டருக்குள் வாடிக்கையாளர், வாடிக்கையாளருக்குள் அதே ஆர்டர். ஆப்ஜெக்டை ஜேசனாக்கும் ஜாக்சன் நூலகம் சுற்றிச் சுற்றி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் (நினைவக அடுக்கு நிரம்பி வரும் பிழையில்) போய் விழுந்தது. வெளியே போக வேண்டிய ஏழு விவரங்களுக்கு மட்டும் தனி கிளாஸ் எழுதினேன். முதலிலேயே செய்திருக்கலாம், சோம்பல்.

டிசைன் படத்தை ஜேசனுக்குள் திணிக்கவில்லை. பேஸ்64 (பைட்டுகளை எழுத்துகளாக எழுதும் முறை) ஆக்கினால் 3 பைட் 4 எழுத்தாக வீங்கும். தனி முகவரி கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று: 19 இலக்க ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கங்கள் பிரவுசரில் மாறி வந்தன. ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991-க்கு மேல் முழு எண்களைத் துல்லியமாகத் தாங்காது. இப்போது ஸ்ட்ரிங்காக, அதாவது எண்ணாக இல்லாமல் எழுத்துத் தொடராக, அனுப்புகிறேன். “பில்லுல நம்பர் ஒத்துப்போகுதுங்க” என்று பட்டறைக்காரர் நேற்று போன் செய்தார்.