புதுப்பிப்பு: வெற்றிலைக்கு விலை சொல்வது யார்?

வெற்றிலைத் தோட்டமான கொடிக்காலில் கிள்ளி அனுப்பும் வெற்றிலைக்கு எங்களால் விலை பேசவே முடியவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இருப்பு வைத்து விற்கலாமே என்று பலர் கேட்டீர்கள். நெல் மூட்டை போல இதை அடுக்கி வைக்க முடியாது. கிள்ளிய பிறகும் இலை சுவாசிக்கிறது. கட்டுக்குள் சூடு ஏறி, சில நாட்களில் மஞ்சளாகி அழுகத் தொடங்கும். கொடியிலேயே விட்டால் முற்றிப்போய் விலை இறங்கும். இது வியாபாரிக்கும் தெரியும். அதனால்தான் சரக்கு போய்ச் சேர்ந்த பிறகே விலை சொல்கிறார்கள்.

சரி, இப்போதைய நிலை. பக்கத்துக் கொடிக்கால்காரர்கள் சிலரோடு சேர்ந்து, இலையைத் தரம் பிரித்து ஒரே வண்டியில் அனுப்புகிறோம். ஆளுக்கு விழும் வாடகை குறைந்தது. கவுளி, அதாவது எண்ணிக் கட்டிய வெற்றிலைக் கட்டு, என்ன விலைக்குப் போகிறது என்று ஏற்றுவதற்கு முன்பே போனில் கேட்டுவிடுகிறோம். ஒரு சந்தையில் வரத்து அதிகம் என்றால் வேறு சந்தைக்குத் திருப்ப முடிகிறது.

ஆனால் கொடி நடும்போதே மண்டியில் முன்பணம் வாங்கியவர்களுக்கு இந்த வழி இல்லை. கடன் தீரும்வரை அங்கேதான் போட வேண்டும். எனக்கு இதுதான் பெரிய வேதனை. அவர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன்.