ஹைலக்ஸா, நிசானா? பழைய டீசல் கெப் எடுத்துச் செய்யப் போகிறேன்

கந்தப்பளை:
அண்ணன்மாரே, ஒரு வழி சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள் லீக்ஸ், கரட் மூட்டை ஏற்றி ரம்பொடை வழியாகத் தம்புள்ளைக்கு இறங்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதில் ஏறிய விலை, 2025இல் திறந்த பிறகும் எனக்கு எட்டுவதாக இல்லை. அதனால் பழைய கெப் (பின்னால் சுமைப் பெட்டி உள்ள பிக்கப்) ஒன்றை வாங்கி என்ஜினை முழுசாகச் செய்து ஓட்டலாம் என்றிருக்கிறேன். இரண்டு பார்த்திருக்கிறேன். ஒன்று ஹைலக்ஸ் எல்.என். 106, 3எல் ரக என்ஜின். சூடேறி ஹெட் (வால்வுகள் இருக்கும் என்ஜினின் மேல்பகுதி) போய்விட்டது, ஆனால் செஸி (வண்டியின் அடிச்சட்டம்) சுத்தம். மற்றது நிசான் டி21, டிடி27 என்ஜின். விடியற்காலையில் ஒரே சுற்றில் பிடிக்கிறது. செஸியில் பின்பக்கம் துரு. இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு என்ஜினே செய்துவிடலாம்.

ஹட்டன் கராஜ்:
தம்பி, நிசானை எடுங்கள். டிடி27இல் டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் பட்டி) கிடையாது, அதற்குப் பதில் கியர்தான். 3எல்லில் பெல்ட். 1 லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்கிறவருக்கே தெரியாது. அதோடு சூடேறிய 3எல் ஹெட்டில் இரண்டு வால்வுக்கும் நடுவே மயிரிழை போல வெடிப்பு விழும். ஹெட்டை மாற்றாமல் மேற்பரப்பை மட்டும் சீவிப் பூட்டிக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மாதம் போனால் ரேடியேட்டரில் குமிழி வரும். அப்படி வந்த வண்டிகளை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன்.

ஹப்புத்தளை:
அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு, ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். என்ஜின் கழற்றிப் பூட்டுகிற சாமான். செஸி போனால் வண்டியே போச்சு. நான் முன்பு வாங்கிய கெப்பில் தகடு வைத்து ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. பெரகலை இறக்கத்தில் சுமையோடு வரும்போது பின் ஸ்பிரிங் பிடி பிய்ந்து, டயர் போய்ச் சுமைப் பெட்டியின் அடியில் உரச ஆரம்பித்தது. பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து சின்னச் சுத்தியல் இல்லாமல் நான் வண்டி பார்க்கப் போவதில்லை. ஸ்பிரிங் பிடியில் தொடங்கித் தட்டிக்கொண்டே போங்கள் தம்பி. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது சொத்தென்று கேட்கும். புதுப் பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பார்க்காமல் நகராதீர்கள்.

ஹட்டன் கராஜ்:
துரு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? கடைசிப் பிடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு என்றால் வெட்டி மாற்றலாம், பயமில்லை. அச்சுக்கு மேலே வளைகிற இடமோ பிடிக்கு முன்னாலோ என்றால் நானும் தொட மாட்டேன். 106இன் முன் அச்சு ஒரே தண்டு, இலை ஸ்பிரிங். தோட்டத்து ரோட்டுக்கு அது நல்லது, மறுக்கவில்லை. ஆனால் தம்பிக்கு வேண்டியது தார் ரோட்டில் நம்பி ஓட்ட ஒரு வண்டி.

நானுஓயா:
இரண்டு பேரும் கியர்பொக்ஸை விட்டுவிட்டீர்களே. சுமையோடு இறங்குகிறவருக்கு இரண்டாம் கியர்தான் உயிர். இறக்கத்தில் இரண்டில் போட்டு அக்சிலேட்டரை விட்டுப் பாருங்கள், கியர் தானாகக் கழன்றால் உள்ளே தேய்மானம். அப்புறம் புகை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம். காற்று மெலிவு என்பதால் டர்போ இல்லாத டீசல் ஏற்றத்தில் கொஞ்சம் கறுப்புப் புகை விடும், அதை வைத்து என்ஜினைக் கழிக்க வேண்டாம். நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது, அதற்குப் பயப்படுங்கள். ஒயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா என்றும் பாருங்கள். போகிறபோது பொனட்டைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள செஸி நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹப்புத்தளை:
ஒரே சுற்றில் பிடிக்கிறது என்றாரே, அந்தப் பொனட் சூடாக இருந்ததா?

கந்தப்பளை:
ஞாயிற்றுக்கிழமை நிசானைப் பார்க்கச் சுத்தியலோடு போனேன். பொனட் சில்லென்றுதான் இருந்தது, அந்த என்ஜின் உண்மையிலேயே நல்ல என்ஜின். ஆனால் பின் ஸ்பிரிங் பிடிக்கு ஒரு சாண் முன்னால் தட்டியதும் சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. சொந்தக்காரரும் எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. 106ஐயும் அடி முழுக்கத் தட்டிப் பார்த்தேன், எங்கும் கணீர்தான். நம்பர் ஒத்துப்போகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஹட்டன் அண்ணே, ஹெட் வேலையை நீங்களே செய்து தருவீர்களா?

ஹட்டன் கராஜ்:
கொண்டுவாருங்கள். டிடி27 பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை, ஆனால் அந்த இடத்தில் துரு என்றால் விட்டது சரி. பழைய ஹெட்டைச் சீவ மாட்டேன், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் நல்லதாகத் தேடுங்கள். பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் புதிது வாங்குங்கள். முதல் வேலையாக ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்க வேண்டும். ஏன் சூடேறியது என்று தெரியும்வரை புது ஹெட்டை ஏற்ற மாட்டேன்.