சேற்றுப் பாதைக்கு டயரில் எவ்வளவு காற்று?

செந்தூல்வாசி: வணக்கம். சனிக்கிழமை ஜண்டா பாய்க் பக்கம் காட்டுப் பாதையில் போகிறோம். காற்றை இறக்கச் சொல்கிறார்கள், ஆனால் ஆளுக்கொரு கணக்கு. 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்தால் ஆபத்தா? அவசரம்.

கிள்ளான் தம்பி: என்ன வண்டி, என்ன டயர்? எத்தனை பேர், பின்னால் சாமான் எவ்வளவு? கம்ப்ரெசர் இருக்கிறதா?

ரவாங் ராசா: சேறு என்றால் 15தான் அண்ணே. யோசிக்கவே வேண்டாம்.

பழைய ஸ்டியரிங்: 15 என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள். பீட்லாக் (டயர் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மில் 15க்குக் கீழே போய் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினால், டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இதெல்லாம் அடிப்படைப் பாடம் தம்பி, வண்டி எடுக்கும் முன்பே படித்திருக்க வேண்டும்.

செந்தூல்வாசி: ஹைலக்ஸ் பிக்கப், மட் டயர் (சேற்றுக்கான டயர்). நாலு பேர், கூடாரம், சமையல் சாமான். கம்ப்ரெசர் நண்பரிடம் உண்டு. இப்போது காற்றளக்கும் கேஜ் 240 காட்டுகிறது.

கிள்ளான் தம்பி: அது கிலோபாஸ்கல். 240 என்றால் ஏறக்குறைய 35 பி.எஸ்.ஐ. நீங்கள் கேட்ட 15 பி.எஸ்.ஐ., அந்தக் கேஜில் 100ஐ ஒட்டி வரும். அளவு மாறிப் படித்துவிடாதீர்கள். காலையில் டயர் சூடாகும் முன் அளந்துகொள்ளுங்கள். செம்மண் பாதைக்கு 25, கல் இருந்தால் 22, சேற்றில் 20. சிக்கினால் மட்டும் 18. பின்னால் பாரம் இருப்பதால் பின் டயரில் இரண்டு கூட வையுங்கள்.

பூச்சோங் மணி: சேற்றில் இறக்கவே கூடாது! டயர் ஒல்லியாக நின்றால்தான் அடியில் உள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும்.

பழைய ஸ்டியரிங்: அடியில் கெட்டித் தரை இருந்தால் சரி. இல்லையென்றால் அச்சு வரை புதைவீர்கள். அப்புறம், காற்றை இறக்கினால் டயர் அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் படியும். அதனால்தான் பிடிப்பு.

பூச்சோங் மணி: நீங்கள் மணலைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

ரவாங் ராசா: இரண்டு பேரும் தனி இழை போடுங்கள் லா.

கிள்ளான் தம்பி: செந்தூல், முக்கியமானது இது. இறக்கிய காற்றோடு காராக் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். வேகத்தில் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். காட்டுக்குள்ளும் மெதுவாகவே போங்கள்.

செந்தூல்வாசி: போய் வந்தோம். 20 போதுமாக இருந்தது, ஒரு மேட்டில் மட்டும் 18. காற்று ஏற்றிய பிறகுதான் சடக்குக்கு வந்தோம். நன்றி.

ரவாங் ராசா: என்ன கம்ப்ரெசர் அண்ணே? நாலு டயருக்கும் எவ்வளவு நேரம் பிடித்தது?