ஐயாவின் பர்மாக் கணக்கு: பின்னக் குறி தெரிந்தவர்கள் உதவவும்

காரைக்குடி வீட்டுப் பரணில் ஐயாவின் பேரேடு கிடைத்தது. ரங்கூன் லேவாதேவிக் கடைக் கணக்கு. பிரமோதூத வருஷம் தொடங்கி ஆங்கீரஸ வரை, அதாவது 1930 முதல் 1933 வரை. நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துகொண்டிருந்த காலம். (1942இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததாக அப்பத்தா சொல்வார்.)

௰ (10), ௱ (100), ௲ (1000) புரிகிறது. ரூபாய்க்குப் பின் வரும் பின்னக் குறிகளில்தான் மாட்டிக்கொண்டேன். அச்சு அட்டவணையில் உள்ள மாகாணி (1/16), அரைக்கால் (1/8) வடிவங்களோடு ஒப்பிட்டேன், கூட்டெழுத்தில் அடையாளமே தெரியவில்லை. ஊர்ப் பெரியவர் இருவரிடம் காட்டினேன். பக்கக் கூட்டுத்தொகையிலிருந்து பின்னோக்கிப் போட்டும் பார்த்தேன், மூன்று அணா (ரூபாய்க்குப் பதினாறு அணா) இடிக்கிறது.

அணாவை மாகாணிக் குறியால் எழுதும் பழைய கடைக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?