பிரசவத்துக்குப் பிறகு டூலா (தாய்க்குத் துணையாக இருந்து உதவுபவர்) வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: குழந்தை பிறந்து 9 நாள். ராத்திரி 2 மணிக்கு அவனும் அழுகிறான், நானும் அழுகிறேன். டூலா வந்தால் என்னதான் செய்வார்? குழந்தையை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்வாரோ என்று பயம்.

பதில்: இல்லைம்மா. எனக்கு வந்தவர் முதல் நாள் குழந்தையைத் தொடவே இல்லை. என் முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தை வாயை அகலத் திறந்ததும் மார்போடு அணைக்கச் சொல்லிக்கொடுத்தார். காம்பு வலி குறைந்தது. அப்புறம் துணி மடித்தார், என்னைத் தூங்க அனுப்பினார். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் கேட்பது இயல்புதான் என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

பதில்: டூலா மருத்துவர் இல்லை. காய்ச்சல், அதிக ரத்தப்போக்கு என்றால் உடனே மருத்துவமனை. உங்கள் அழுகை 2 வாரம் தாண்டினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா. இன்றைக்கே ஒரு டூலாவிடம் பேசுகிறேன்.