ஊசி ஃபார்வர்டும் மூளை வீக்கமும்: ஒரு பிளாட்ஸ் குழுவின் காலை அரட்டை

முருகேசன் சி-204 [காலை 7:02]
(பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது)
ஸ்ட்ரோக் வந்தவரை நகர்த்தவே கூடாதாம். பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் போதுமாம், மூளை தப்பிவிடுமாம். எல்லாருக்கும் அனுப்புங்க 🙏

ஜெயந்தி சிஸ்டர் ஏ-102 [7:06]
சார், தயவுசெஞ்சு டெலீட் பண்ணிடுங்க. பத்து விரலையும் குத்தி முடிக்கறதுக்குள்ள அரைமணி போயிடும்.

டாக்டர் மீனாட்சி ஏ-305 [7:09]
அந்த அரைமணிதான் விஷயமே. பெரிய ரத்தக்குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு சராசரியா 19 லட்சம் நியூரான், அதாவது மூளை நரம்பு செல், சாகுதுன்னு 2006ல ஒரு கணக்கு போட்டாங்க. அரைமணிக்கு 5 கோடியே 70 லட்சம். விரல்ல குத்தினா மூளைக்குள்ள குழாயை அடைச்சிருக்கற ரத்தக்கட்டி கரையாது.

முருகேசன் சி-204 [7:11]
எடுத்துட்டேன்மா. அப்போ வீட்ல இருக்கறவங்க என்னதான் பண்றது?

ஜெயந்தி சிஸ்டர் ஏ-102 [7:15]
முதல்ல மணி பாருங்க. நீங்க கண்டுபிடிச்ச மணி இல்ல, அவர் கடைசியா நல்லா இருந்த மணி. தூங்கி எழும்போதே வாய் கோணி இருந்தா, ராத்திரி படுக்கப் போன நேரம்தான் கணக்கு. அப்புறம் 108. "பக்கத்துல சிடி ஸ்கேன் இருக்கற, கட்டி கரைக்கற ஊசி போடற ஆஸ்பத்திரி"ன்னு கேட்டு வாங்குங்க. ஸ்கேன் இல்லாத இடத்துக்குப் போய் ட்ரிப் ஏத்திட்டு அப்புறம் ரெஃபர் பண்றதுலதான் பாதி நேரம் போகுது.

தண்ணி, காபி, சோடா, மாத்திரை எதுவும் வாய்ல ஊத்தாதீங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. குளுக்கோமீட்டர் இருந்தா ஒரு தடவை பாருங்க, சுகர் 60க்குக் கீழ போனாலும் கை கால் இழுத்த மாதிரியே தெரியும். சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைன்னா மறக்கவே கூடாது.

வித்யா சி-301 [7:18]
ஹார்ட் அட்டாக்குக்கு ஆஸ்பிரின் கடிக்கச் சொல்றாங்களே சிஸ்டர், இதுக்கு?

அன்வர் பாய் பி-301 (மெடிக்கல்ஸ்) [7:20]
கூடாதும்மா. அடைப்பா, ரத்தக் கசிவான்னு வெளில இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கசிவா இருந்தா ஆஸ்பிரின் எரியற வீட்ல எண்ணெய் ஊத்தின கதைதான். நாக்குக்கு அடியில பிபி மாத்திரை வைக்கறதும் அதே தப்பு. கடைக்கு ஓடிவந்து அதைத்தான் முதல்ல கேக்கறாங்க.

டாக்டர் மீனாட்சி ஏ-305 [7:27]
பாய் சொன்னதுக்குக் காரணம்: அடைப்பைச் சுத்தி பாதி உசுரோட ஒரு வளையம் இருக்கும், பெனம்ப்ரான்னு சொல்லுவோம். பக்கத்துக் குழாய்ல இருந்து கசிஞ்சு வர்ற கொஞ்ச ரத்தத்துலதான் அது ஓடிட்டு இருக்கு. பிபியை சடார்னு இறக்கினா அதுவும் நின்னுடும். அதனால கரைக்கற ஊசி போடலன்னா 220/120 வரைக்கும்கூட பெரும்பாலும் விட்டுடுவோம். ஊசி போடணும்னா மட்டும் 185/110க்குக் கீழ. ரத்தக் கசிவுன்னா கதையே வேற, மேல் அளவை ஒரு மணி நேரத்துல 140க்குக் கொண்டுவரப் பார்ப்போம். எது எதுன்னு சிடி பார்க்காம தெரியாது.

கரைக்கற ஊசிக்கு 4.5 மணி நேரம் வரைக்கும் வாய்ப்பு. அதுல டெனெக்டிப்ளேஸ்ங்கற மருந்துன்னா கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், 60 கிலோ ஆளுக்கு 15 மில்லிகிராம், ஒரே தடவையா. அதிகபட்சம் 25. அதனாலதான் கேஷுவாலிட்டில எடை கேப்பாங்க, உத்தேசமாவாவது சொல்லுங்க. பெரிய குழாய் அடைப்புன்னா தொடை வழியா ட்யூப் விட்டு கட்டியை உருவி எடுக்கலாம். 2018க்கு அப்புறம் பொருத்தமானவங்களுக்கு 24 மணி நேரம் வரைக்கும் செய்றோம்.

வித்யா சி-301 [7:33]
மூளை வீங்கிடுச்சுன்னு சொல்றாங்களே மேடம். வீக்கம்னா ஸ்டீராய்டு போட்டா வத்திடாதா?

டாக்டர் மீனாட்சி ஏ-305 [7:46]
எல்லாரும் கேக்கறது இது. மூளைக் கட்டி, அதாவது ட்யூமரைச் சுத்தி வர்ற நீருக்கு ஸ்டீராய்டு நல்லா கேக்கும். அதைப் பார்த்து வந்த நம்பிக்கை.

ஸ்ட்ரோக்ல நடக்கறது வேற. ஆக்சிஜன் இல்லாம செல்லோட சோடியம் பம்ப் நின்னுடுது, தண்ணி உள்ள போய் செல்லே உப்புது. அதுக்கப்புறம் ரத்தக்குழாய்ச் சுவர் விட்டுப்போய் வெளில இருந்தும் நீர் இறங்குது. பெரிய ஸ்ட்ரோக்ல 2ஆம் நாள்ல இருந்து 5ஆம் நாள் வரைக்கும் உச்சம். "நேத்து பேசினாரே, இன்னிக்கு ஏன் தூங்கிக்கிட்டே இருக்காரு"ன்னு கேக்கற நாள் அதுதான்.

இதோட சேர்ந்து அழற்சி. மூளையோட சொந்தக் காவல் செல் மைக்ரோக்ளியா. அது முழிச்சுக்கிட்டு ரசாயனம் விடும், ரத்தத்துல இருந்து வெள்ளணுக்கள் உள்ள வரும், குழாய்ச் சுவரை இன்னும் அரிக்கும். ஆனா செத்த செல்லை வாரிக் கொட்டறதும் அதே மைக்ரோக்ளியாதான். அதை மொத்தமா அடக்கினா குப்பை அப்படியே கிடக்கும், கிருமியை எதிர்க்கற சக்தியும் போயிடும். வெள்ளணு குழாய்ச் சுவர்ல ஒட்டாம தடுக்க என்லிமோமாப்னு ஒரு மருந்து வந்துச்சு. 2001ல முடிவைப் பார்த்தா, மருந்து போட்டவங்கதான் மோசமா இருந்தாங்க. காய்ச்சலும் இன்ஃபெக்‌ஷனும் வேற.

தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு சோதனை இன்னும் பெருசு. கிராஷ்னு பேரு, 2004, 10,008 பேர். ரெண்டு வாரத்துல இறந்தவங்க ஸ்டீராய்டு இல்லாம 17.9%, ஸ்டீராய்டோட 21.1%. பல வருஷம் நல்லதுன்னு நினைச்சு போட்ட மருந்து அது.

வித்யா சி-301 [7:48]
அப்போ வீக்கத்துக்கு வழியே இல்லையா?

டாக்டர் மீனாட்சி ஏ-305 [7:53]
இருக்கு. தலைமாடு 30 டிகிரி, கழுத்து நேரா. மூளைல இருக்கற நீரை இழுக்கற மானிட்டால் மருந்து இல்லன்னா அடர் உப்புத் தண்ணி, இது ரெண்டும் கொஞ்ச நேரம் வாங்கித் தரும். ரொம்ப பெரிய ஸ்ட்ரோக், வயசு 60க்குள்ளன்னா 48 மணி நேரத்துக்குள்ள மண்டையோட்டுல ஒரு பக்கத்தைத் திறந்து விடுவோம். ஐரோப்பாவுல மூணு சோதனையைச் சேர்த்து 2007ல பார்த்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க 29%ல இருந்து 78% ஆனாங்க. உயிர் நிக்கும், ஆனா பலருக்கு ஊனம் இருக்கும். கையெழுத்து போடும்போது ரெண்டையும் கேட்டுக்கணும்.

முருகேசன் சி-204 [7:56]
நரம்பைக் காப்பாத்தற ஊசின்னு தினம் எழுதித் தர்றாங்களே, அது?

அன்வர் பாய் பி-301 [8:04]
சிட்டிகோலின் சொல்றீங்க. என் கடைல ஓடற சரக்குதான், இருந்தாலும் சொல்றேன். 2012ல ஸ்ட்ரோக் வந்த 2,298 பேர்ல பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம், 6 வாரம் குடுத்துப் பார்த்தாங்க. வெத்து மருந்துக்கும் அதுக்கும் வித்தியாசம் இல்ல. அதே வருஷம் தலைக்காயத்துலயும் அதே முடிவு. பெருசா கெடுதல் கிடையாது, பர்ஸுக்குத்தான். என் கவலை வேற: மாசக் கடைசில காசு பத்தாம சிட்டிகோலினை வாங்கிட்டு ஆஸ்பிரினையும், கொலஸ்ட்ரால் மாத்திரை அட்டோர்வாஸ்டாட்டினையும் விட்டுடறாங்க. அடுத்த ஸ்ட்ரோக்கைத் தடுக்கறது அந்த மலிவு மாத்திரைங்கதான். காசு கம்மியா இருந்தா எதை விடலாம்னு டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க.

டாக்டர் மீனாட்சி ஏ-305 [8:08]
2006ல ஒரு குழு எண்ணிப் பார்த்தப்போ, ஸ்ட்ரோக்குக்குன்னு ஆராய்ஞ்ச சிகிச்சை 1,026 இருந்துச்சு. எலிக்குப் பலிச்சது மனுஷனுக்குப் பலிக்கல. எலி இளசு, சுகர் பிபி கிடையாது, குழாயைக் கட்டினவங்களே சில நிமிஷத்துல மருந்தும் போடறாங்க. நம்ம ஆளுக்கு 65 வயசு, வர்றதே நாலு மணி நேரம் கழிச்சு, மருந்து போற குழாயே அடைச்சிருக்கு.

ஜெயந்தி சிஸ்டர் ஏ-102 [8:15]
வார்டுல நிஜமா மூளையைக் காப்பாத்தறது மூணு சாதாரண வேலைங்க. காய்ச்சல், சுகர், விழுங்கறது. ஆஸ்திரேலியாவுல 19 ஸ்ட்ரோக் யூனிட்ல இதை நர்ஸுங்க ஒழுங்கா செஞ்சப்போ, 90 நாள்ல இறந்தவங்களும் அடுத்தவர் தயவுல இருந்தவங்களும் 58%ல இருந்து 42% ஆனாங்க. 2011ல வந்துச்சு. புது மருந்து ஒண்ணுகூட இல்ல.

முதல் 3 நாள் 4 மணி நேரத்துக்கு ஒருதடவை டெம்பரேச்சர். 99.5 தாண்டினாலே பாரசிட்டமால், 101 வரட்டும்னு விடறதில்ல. காய்ச்சல்ல செல்லுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், அழற்சியும் ஏறும். சுகர் 140லிருந்து 180க்குள்ள.

விழுங்கற டெஸ்ட் பாஸ் ஆகற வரைக்கும் வாய் வழியா ஒண்ணும் கிடையாது, மாத்திரையும் சேர்த்துதான். நேரா உட்கார வெச்சு ஒரு ஸ்பூன் தண்ணி, அப்புறம் "ஆ" சொல்லச் சொல்லுவோம். இருமினாலோ குரல் கொழகொழன்னு ஆனாலோ ஃபெயில், மூக்கு ட்யூப்தான். சொந்தக்காரங்க பாவப்பட்டு ஒரு வாய் இளநீர் குடுப்பாங்க, மூணாம் நாள் நிமோனியா. சில பேருக்கு இருமலே வராம நுரையீரலுக்குள்ள இறங்கும், அது இன்னும் ஆபத்து.

முருகேசன் சி-204 [8:17]
ஊர்ல புறா ரத்தம் தேய்க்கச் சொல்றாங்க 😬

ஸ்டீபன் பிசியோ பி-104 [8:25]
புறா பறக்கட்டும் அங்கிள். கை காலை வேலை செய்ய வைக்கறதுதான் வைத்தியம். ஆனா முதல் நாளே அவசரப்பட்டு நடக்க வைக்கக் கூடாது. 2015ல 2,104 பேர்ல பார்த்தாங்க, 24 மணி நேரத்துக்குள்ள ரொம்ப நேரம் எழுப்பி விட்டவங்களுக்குத் தேறினது கம்மி. ஒரு நாள் கழிச்சு, கொஞ்ச நேரம், பல தடவை.

விழுந்த கையைப் பிடிச்சு தூக்காதீங்க, அக்குள்ல கைய குடுத்தும் தூக்காதீங்க. தோள் மூட்டைப் பிடிச்சிருக்கற தசை செத்த மாதிரி தொங்குது, மூட்டு இறங்கிடும். அப்புறம் மாசக்கணக்கா வலி. உட்காரும்போது முழங்கைக்குக் கீழ தலகாணி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை திருப்பிப் படுக்க வைங்க.

வித்யா சி-301 [8:28]
பைக்ல விழுந்து தலைல அடின்னா?

டாக்டர் மீனாட்சி ஏ-305 [8:36]
ரெண்டு தடவை வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, தூக்கக் கலக்கம், ஒரு கண் பாப்பா பெருசு, மூக்குல காதுல தண்ணி மாதிரி ஒழுகறது: இதுல எது இருந்தாலும் உடனே ஸ்கேன். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறவங்களுக்கு ஒண்ணுமே தெரியலன்னாலும் ஸ்கேன். வலிக்கு பாரசிட்டமால் மட்டும். தூக்க மாத்திரை வேண்டாம், மயக்கம் ஆழமாறது தெரியாமப் போயிடும்.

ரத்தக் கசிவைக் குறைக்கற டிரானெக்சாமிக் ஆசிட் ஊசியை 3 மணி நேரத்துக்குள்ள போட்டா லேசான, நடுத்தரக் காயத்துக்குப் பிரயோஜனம், 2019ல பார்த்தது. 1 கிராம் 10 நிமிஷத்துல, இன்னொரு 1 கிராம் 8 மணி நேரத்துல. இங்கயும் மணிதான்.

செக்ரட்டரி [8:41]
நம்ம லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர் நுழையுமா?

ஸ்டீபன் பிசியோ பி-104 [8:43]
படுக்க வெச்சு நுழையாது சார். வீல்சேர் போகும். நினைவு இல்லாதவங்கன்னா படிக்கட்டுல பெட்ஷீட் ஸ்ட்ரெச்சர், நாலு பேர் வேணும்.

செக்ரட்டரி [8:45]
கிளப் ஹவுஸ் வீல்சேரை வாட்ச்மேன் ரூமுக்கு மாத்திடறேன். 108 வந்தா ரெண்டாவது கேட்டையும் திறக்கச் சொல்லிட்டேன். சிஸ்டரோட 7:15 மெசேஜை பின் பண்ணியாச்சு.