திருந்தாத ஆள்தான் சிரிக்க வைப்பானா? நகைச்சுவைத் தொடர் பற்றி ஒரு வாக்குவாதம்

கூடல்நகர் வாசகி:
வேறொரு இழையில் மேலூர் மைனர் அண்ணன் இப்படி எழுதியிருந்தார்: "சிரிப்புத் தொடர்ல வர்ற ஆளு கடைசி வரைக்கும் அப்படியேதான் இருக்கணும். திருந்திட்டான்னா சிரிப்பு போச்சு." அங்கே பேச்சு அரசியல் பக்கம் போய்விட்டது. இந்தக் கருத்தில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை என்பதால் தனியாக ஆரம்பிக்கிறேன்.

வாரம் ஒருமுறை அரைமணி நேரம் வந்த தமிழ் நகைச்சுவைத் தொடர்களைத் தினசரி சீரியல்கள் விழுங்கிவிட்டன. அது ஒரு காரணம். இன்னொன்று, ஆளுக்கு ஒரு குணம் என்று முதல் வாரமே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு, அதிலிருந்து அவர்களை நகரவே விடாதது. 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வில் எம்.எஸ்.பாஸ்கர் செய்த பட்டாபிக்குக் காது மந்தம். யாராவது ஒன்று சொல்ல, அவர் வேறொன்றாகக் கேட்டுக்கொள்வார். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். அதே மனிதர் 'பார்க்கிங்' படத்துக்காக 2023-ஆம் ஆண்டின் சிறந்த துணை நடிகர் தேசிய விருது வாங்கினார். அவ்வளவு பெரிய நடிகரிடம் அந்த எழுத்து கேட்டதெல்லாம் காதை மட்டும்தான் என்பது எனக்கு இன்றும் ஆற்றாமை.

அமெரிக்க 'தி ஆபிஸ்' 2005-இல் தொடங்கியபோது முதல் சீசன் 6 எபிசோட்தான். முதல் எபிசோடின் வசனம் பெரும்பாலும் பிரிட்டிஷ் மூலத்திலிருந்து எடுத்தது. மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டைப் பார்த்தால் எரிச்சல் வரும். இரண்டாம் சீசனிலிருந்து, இவனுக்கென்று யாரும் இல்லை, ஆபிஸ்தான் குடும்பம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினார்கள். அசட்டு ஜோக் அதேதான். அவன் ஏன் அப்படி வழிகிறான் என்று தெரிந்த பிறகு நாம் சிரிக்கிற விதம் மாறிவிட்டது.

மேலூர் மைனர்:
தங்கச்சி, நம்ம ஊர்க்காரரை விட்டுட்டு அமெரிக்காவுக்குப் போயிட்டியே. 2003-ல வந்த 'வின்னர்' கைப்புள்ள படம் முச்சூடும் அடி வாங்குறாரு. ஒரு இடத்துலயாச்சும் "நமக்கு இந்த வீரமெல்லாம் சரிப்படாது"ன்னு ஒதுங்குனாரா? எந்திரிச்சு தூசியைத் தட்டிட்டு மறுபடியும் வருத்தப்படாத வாலிபர் சங்கத்துத் தலைவராத்தான் நின்னாரு. இருபது வருசம் கழிச்சும் மாட்டுத்தாவணியில பஸ்ஸுக்கு நிக்கிற பயலுக போன்ல அவரு மூஞ்சியத்தான் அனுப்பிக்கிட்டு இருக்காய்ங்க. அவரு திருந்தியிருந்தா ஒருத்தனும் நெனச்சுப் பார்த்திருக்க மாட்டான்.

அமெரிக்காதான் வேணும்னா அதுவும் சொல்றேன். 'சைன்ஃபெல்ட்' 1989-லருந்து 1998 வரைக்கும் ஓடுச்சு. அதை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான லாரி டேவிட் அதுக்கு வச்ச சட்டம்: யாரும் கட்டிப்பிடிக்கக் கூடாது, யாரும் பாடம் கத்துக்கக் கூடாது. கடைசி எபிசோட்ல முக்கியமான நாலு பேரும் ஜெயிலுக்குப் போறாய்ங்க. உள்ள உக்காந்து சட்டைப் பொத்தான் சரியான எடத்துல இல்லைன்னு பேசுறாய்ங்க. முதல் எபிசோட்ல பேசுன அதே பொத்தான்! ஒம்பது வருசம் கழிச்சும் ஒரு இம்மி நகரலை. எனக்கு அதைவிடச் சிறந்த முடிவு தெரியாது.

மனுசனை மாத்துறது அழுகைத் தொடரோட வேலை. வட்டி, வாடகை, பிள்ளை படிப்புன்னு நாள் பூரா அல்லாடிட்டு வர்றவன் மாறாத நாலு மூஞ்சியைப் பார்க்கத்தான் டிவி முன்னால உக்காருறான்.

செல்லூர் தறிச்சத்தம்:
மைனர் தம்பி சொல்றதுல பாதி நம்ம மண்ணுலயே இருக்கு. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல இதே மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாங்கிற நாடகக் குழுவைத் தொடங்குனாரு. அவரு வழியில வந்த 'வள்ளி திருமணம்' இன்னைக்கும் அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் கோயில் திருவிழாவுல விடிய விடிய நடக்குது. ராஜபார்ட் வர்றதுக்கு முன்னாடி பபூன் வருவாரு. ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுப்பாரு, டான்ஸ்காரம்மாவோட மல்லுக்கட்டுவாரு. வள்ளிக்குக் கல்யாணம் ஆனா என்ன ஆகாட்டி என்ன, அவருக்கு ஒரு மாத்தமும் கிடையாது.

ஆனா ஒண்ணைக் கவனிங்க. அந்த ஆளு மாற மாட்டாரு, அவரு பேசுற ஊர்ச்சேதி மாறும். போன வருசம் தண்ணி வரலைன்னா அதைச் சொல்லுவாரு, இந்த வருசம் ரோடு போடலைன்னா அதைச் சொல்லுவாரு. ஊருக்குத் தக்கன வசனத்தைப் புதுசாக் கட்டுறவருதான் பேர் வாங்குவாரு. பழைய ஜோக்கையே சொல்றவரை எங்க சனம் கூச்சல் போட்டு எறக்கிவிட்டுரும்.

புதூர் பொடியன்:
மைனர் அண்ணே, "அப்படியே இருக்கணும்"னு சொல்றீங்களே, நீங்க ரசிக்கிற தொடர்கள்ல யாரும் அப்படியே இருக்குறதில்லை. சுருங்கிப் போறாங்க. 'சிம்சன்ஸ்' கார்ட்டூன்ல குடும்பத் தலைவர் ஹோமருக்குப் பக்கத்து வீட்டு நெட் ஃபிளாண்டர்ஸ் ஆரம்பத்துல நல்ல அப்பா, நல்ல பக்கத்து வீட்டுக்காரர், கூடவே பக்தியும் உண்டு. ஹோமருக்கு அந்த நல்ல குணத்தைப் பார்த்துத்தான் பொறாமை. வருசம் போகப் போக மத்ததெல்லாம் உதிர்ந்து பக்தி மட்டும் ஊதிப் பெருத்துருச்சு. 'ஃபிரெண்ட்ஸ்' 1994-ல தொடங்கினப்ப ஜோயி கொஞ்சம் மந்தமான, ஆனா வெளியுலகம் தெரிஞ்ச பையன். 2004-ல முடியும்போது சின்னக் குழந்தைக்குத் தெரியுறதுகூட அவனுக்குத் தெரியாது. எழுதுறவங்களுக்கு அந்தக் குணத்தைத் தொட்டா கைதட்டு நிச்சயம், அதனால ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடப் போடுறாங்க. வளர விடலைன்னா இதுதான் நடக்கும்.

மேலூர் மைனர்:
தம்பி, நீ எனக்குத்தான் சாட்சி சொல்ற. ஜோயியை அப்படியே விட்டிருந்தா கெட்டிருக்க மாட்டான். மாத்துனதுதான் தப்பு. பிரிட்டிஷ்காரய்ங்க 'ஃபால்ட்டி டவர்ஸ்'னு 1975-ல ஆறு, 1979-ல ஆறு, மொத்தம் 12 எபிசோட் எடுத்துட்டு நிறுத்திக்கிட்டாய்ங்க. அந்த ஓட்டல்காரன் பேசில் முதல் நாள் விருந்தாளிகிட்ட எப்படி எரிஞ்சு விழுந்தானோ கடைசி நாளும் அப்படித்தான். சரக்கு தீர்றதுக்கு முன்னாடி கடையைச் சாத்தத் தெரியணும், அவ்வளவுதான்.

கூடல்நகர் வாசகி:
12 எபிசோடில் முடிக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் இல்லை அண்ணே. அமெரிக்காவில் ஒரு தொடர் 100 எபிசோடைத் தொட்டால்தான் மற்ற சேனல்களுக்கு மறுஒளிபரப்புக்கு விற்க வசதி என்று ரொம்ப காலம் கணக்கு வைத்திருந்தார்கள். விற்ற பிறகு எந்த எபிசோடை எந்த நாளில் போட்டாலும் புரிய வேண்டும். ஆகவே அரைமணி முடிந்ததும் எல்லாரும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். நீங்கள் கலை விதி என்று சொல்வதில் பாதி அந்த வியாபாரத்தின் தேவை. நம் வீட்டில் ஆதித்யாவும் சிரிப்பொலியும் படத்தைத் துண்டு துண்டாகவே காட்டிப் பழக்கிவிட்டன. கைப்புள்ளயையும் நாம் துண்டாகத்தான் பார்க்கிறோம். துண்டில் யார் வளர முடியும்?

ஐயா சொன்ன பபூன் ஒரு ராத்திரிக்கு வருகிறார். தொடரில் வருகிறவர் நம் கண் முன்னால் பத்து வருடம் வாழ்கிறார். தலை நரைக்கிறது, குரல் தடிக்கிறது. புத்தி மட்டும் அசையாமல் நின்றால் நம்ப முடியவில்லை.

'தி பிக் பேங் தியரி'யில் ஷெல்டன் எந்தக் கதவையும் மூன்று முறை தட்டித் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். வருடக்கணக்காக அது வெறும் கிறுக்குத்தனம். பத்தாவது சீசனில் காரணம் சொல்கிறான்: 13 வயதில் கதவைத் தட்டாமல் திறந்தபோது அப்பாவை வேறொரு பெண்ணோடு பார்த்துவிட்டான். அதற்குப் பிறகும் அவன் மூன்று முறைதான் தட்டுகிறான், அவனிடம் மாற்றம் ஏதும் இல்லை. நாம்தான் மாறியிருக்கிறோம். நான் கேட்கிற வளர்ச்சி இதுவும் சேர்ந்ததுதான்.

மேலூர் மைனர்:
அந்த எபிசோடுக்கு அப்புறம் அவன் கதவைத் தட்டுறப்ப எனக்குச் சிரிப்பு வரலை தங்கச்சி, பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்குத்தான் பயப்படுறேன். காரணம் தெரியாத கிறுக்குத்தனத்துக்கு ஒரு ருசி இருக்கு. வடிவேலு ஏன் அப்படி அலப்பறை குடுக்குறாருன்னு அவரு சின்ன வயசுக் கதையைக் காட்டியிருந்தா நெனச்சுப் பாரு.

செல்லூர் தறிச்சத்தம்:
'ரமணி வெர்சஸ் ரமணி' பத்தி யாரும் பேசலையே. நாகா எடுத்தது. புருசன் பேரும் ரமணி, பொஞ்சாதி பேரும் ரமணி. நான் அதுல ரசிச்சது ரெண்டு பேருக்கும் சம அளவு வாய் கொடுத்ததைத்தான். ஒருத்தரை மட்டும் கோமாளி ஆக்கலை. இரண்டாம் பாகத்துல நடிச்ச தேவதர்ஷினி, அதே நாகா 2024-ல எடுத்த 'தலைவெட்டியான் பாளையம்' தொடர்ல ஊராட்சித் தலைவி. புருசனா வர்ற சேத்தன்தான் அதிகாரம் பண்ணுவாரு. பட்டணத்துப் பையன் செக்ரட்டரி வேலைக்கு வந்து ஊரைப் பிடிக்காம முழிக்கிறான். இதுல எந்த ஆளு மாறினா நல்லா இருக்கும்னு சொல்லுங்க.

மேலூர் மைனர்:
ஐயா, அந்தப் பையனுக்கு ஊரு பிடிச்சிருச்சுன்னா தொடர் முடிஞ்சுது. அவன் முகம் சுளிக்கிறதுலதான் அத்தனை காமெடியும் நிக்குது.

கூடல்நகர் வாசகி:
தலைவிதான் மாற வேண்டும். அதற்கு மூலமான இந்திப் 'பஞ்சாயத்' 2020-இல் வந்தது. முதல் சீசனின் கடைசி எபிசோடில், அதுவரை பேருக்குத் தலைவியாக அடுப்படியில் இருந்த மஞ்சு தேவி, கொடியேற்றுவதற்காகத் தேசிய கீதத்தை உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார். வரி தடுக்குகிறது, தப்பாகச் சொல்கிறார், நாம் சிரிக்கிறோம். கூட்டத்தின் முன்னால் நின்று பாடும்போது அதே தடுமாற்றத்துக்கு நெஞ்சு அடைக்கிறது. சிரிப்பு எங்கே போயிற்று அண்ணே? அந்த ஒரு காட்சிக்காகவே ஏழு எபிசோடும் அவரை ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

மேலூர் மைனர்:
கொடியேத்துன பிறகும் பிரதான், அதாவது ஊராட்சித் தலைவர்னு ஊர் கூப்புடுறது வீட்டுக்காரரைத்தான். அவரு திருந்தலை. அதனாலதான் அடுத்த சீசன் எடுக்க முடிஞ்சுது.

புதூர் பொடியன்:
அவரு திருந்தாம, அந்தம்மா மட்டும் நகர்ந்ததுதாண்ணே விசயம். முதல் சீசன்ல அவரு பாட்டுக்கு அதிகாரம் பண்ணாரு, கேக்க ஆளில்லை. இப்ப அதே அதிகாரத்தைப் பண்றப்ப பக்கத்துல ஒருத்தவங்க பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க கேட்ட மாறாத ஆளும் இருக்காரு, அக்கா கேட்ட மாத்தமும் இருக்கு. தமிழ்ல அடுத்த சீசன் வந்தா தேவதர்ஷினிக்கு இதைவிடக் கூடுதலா எழுதணும். ரமணியா அந்த வாயைப் பார்த்தவங்க நாம.